ஹெல்மெட்டுக்குள் ஒரு பாடகி

எங்கள் பேண்டில் மூன்று பேர். கிட்டார் வாசிக்கிறவன் என்னோடு கல்லூரியில் படித்தவன். இப்போது காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி லேபில் வேலை. டிரம்ஸ் வாசிக்கிறவன் எங்களைவிட ஐந்து வயது சின்னவன். மேற்குத் தாம்பரத்தில் அவன் அத்தாவின் ஹார்டுவேர் கடையில் பகலெல்லாம் பிவிசி பைப் அளந்து கொடுப்பான். மூன்றாவது ஆள் நான். பாட்டு எழுதுவது நான், பாடுவதும் நான். இதில் இரண்டாவதில்தான் சிக்கல் வந்தது.

அஸ்தினாபுரத்தில் நானும் அம்மாவும் இருக்கும் ஃபிளாட்டில்தான் முதல் ஒத்திகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆரம்பித்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, பெல் அடித்தது. கீழ் வீட்டுக்காரர், எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பனியனும் தோளில் துண்டுமாக, தூக்கம் கலைந்த முகத்தோடு நின்றார்.

“பாடுங்கம்மா, வேணாம்னு சொல்லல. கொஞ்சம் மெதுவாப் பாடுங்க.”

நான் சண்டைக்கு அஞ்சுகிறவள் இல்லை. ஆட்டோக்காரரிலிருந்து ஆபீஸ் மேனேஜர் வரை எல்லாரோடும் மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஆனால் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்த அன்று நான் ஆபீஸில் இருக்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் கூடவே உட்கார்ந்திருந்தவர் இந்த மனுஷன். அவரிடம் எப்படி வாயைத் திறப்பது? “சரி அங்கிள்” என்றேன். அந்தச் சரி நாலு வருஷம் நீண்டது.

சத்தமில்லாமல் வாசிக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். டிரம்முக்குப் பதில் ரப்பர் தட்டுகள். கிட்டார், மைக் எல்லா ஒயரும் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். அதிலிருந்து மூன்று ஹெட்போன். ஹெட்போனுக்குள் அமர்க்களமாக இருக்கும். வெளியே இருப்பவர்களுக்கு ரப்பரில் குச்சி படுகிற டொக் டொக் மட்டும்தான். அம்மா ஹாலைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பாள். “மூணு பேரும் பேச்சே இல்லாம தலையை மட்டும் ஆட்டிக்கிட்டிருக்கீங்க. பாக்கவே பயமா இருக்குடி” என்பாள். நான் மைக்கை உதட்டில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு, குசுகுசுவென்று பாடுவேன். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. ஹெட்போனில் மட்டும் கேட்கும்.

அப்படியே ரெக்கார்ட் செய்து நெட்டில் போட்டோம். ஆறாவது பாட்டு பிடித்துக்கொண்டது. தாம்பரத்தோடு நின்றுவிடும் மின்சார ரயிலைப் பற்றியது. ‘தாம்பரத்தோட நிக்கிற வண்டியில ஏறிட்டேன், நான் போகவேண்டிய ஊரு அதுக்கப்புறம்’ என்று தொடங்கும். யார் யாரோ கமெண்ட் எழுதினார்கள். காதுக்குள் வந்து ரகசியம் சொல்வது மாதிரி இருக்கிறதாம். இந்த மாதிரிப் பாடும் பாணியை எங்கே கற்றுக்கொண்டேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். கீழ் வீட்டுக்காரரின் மத்தியானத் தூக்கத்திடம் கற்றுக்கொண்டேன் என்று எழுத முடியுமா? உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமையெல்லாம் மேடை ஏறும் வரைதான். கேளம்பாக்கத்தில் ஒரு காபிக் கடை மொட்டைமாடியில் முதல் நிகழ்ச்சி. நான் பாடத் தொடங்கியதும் எதிரே இருந்தவர்கள் முன்னால் சாய்ந்தார்கள். பாட்டு காதில் விழாமல்தான். சவுண்ட் சிஸ்டம் பார்த்துக்கொண்ட அண்ணன் என் மைக்கை ஏற்றினார். ஸ்பீக்கர் ஊளையிட்டது. இறக்கினார். நான் காணாமல் போனேன். ஏற்றினார், ஊளை. பாட்டு முடிந்ததும் மேடைக்கே வந்துவிட்டார்.

“அக்கா, இன்னாக்கா பேசிகினு கீற? வாயத் தொறந்து பாடுக்கா. இதுக்கு மேல ஏத்தனா ஸ்பீக்கருதான் பாடும்.”

அவருக்கு வேலை தெரியவில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அடுத்து பள்ளிக்கரணையில் ஒன்று, அதற்கடுத்து மேடவாக்கத்தில் ஒன்று. அங்கெல்லாம் வேறு வேறு ஆட்கள். ஊளை மட்டும் அதேதான். மூன்றாவது நிகழ்ச்சி முடிந்து கிட்டாரைப் பையில் வைக்கும்போது நண்பன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பயம் வந்தது. என் பாட்டை என் வாயால் நாலு பேர் முன்னால் நின்று பாட வேண்டும். வேறெதையும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அது கையை விட்டு நழுவுகிறது என்று தெரிந்தது.

வாயைத் திறந்துதான் பார்த்தேன். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடினேன், மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பாடினேன். இரண்டு வரி போகும். மூன்றாவது வரியில் தொண்டை தானாக இறுகிக்கொள்ளும். யாராவது பெல் அடிக்கப்போகிறார்கள் என்று உடம்பே காத்துக்கொண்டிருந்தது.

குரல் வந்தது ஒரே இடத்தில்தான். என் ஆபீஸ் கேளம்பாக்கம் பக்கம். தினமும் ஸ்கூட்டரில் வண்டலூர் ரோடு வழியாகப் போவேன். மாம்பாக்கம் தாண்டியதும் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடினால் குரல் கொட்டியது. இது யார் குரல் என்று எனக்கே சந்தேகம். ஒருநாள் கேளம்பாக்கம் சிக்னலில் வண்டி நின்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் மீன்கூடை கட்டிய டிவிஎஸ்ஸில் உட்கார்ந்திருந்த அக்கா என்னையே பார்த்தார். “இன்னாம்மா, வவுறு நோவுதா?” என்றார். அவ்வளவுதான், தொண்டை மூடிக்கொண்டது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே மேடை ஏறலாமா என்றுகூட யோசித்தேன். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

போன மாதம் நண்பனும் டிரம்ஸ்காரனும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். இருவரும் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தது முகத்திலேயே தெரிந்தது.

“எங்க காலேஜ் ஃபெஸ்ட்ல நம்மள வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க” என்றான் நண்பன். “பெரிய கிரவுண்டு. ஸ்டேஜுக்கு மட்டும் வேற பொண்ணு பாடட்டுமா? அங்கயே படிக்கிறா. நல்ல வாய்ஸ். ரெக்கார்டிங்னா எப்பவும் நீதான்.”

டிரம்ஸ்காரன் டீ கிளாஸைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கோச்சிக்காதீங்கக்கா. இந்த ஒரு தடவதான்.”

கத்தியிருக்க வேண்டும். என் பாட்டுடா, நான் எழுதினதுடா என்று ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி. “சரி” என்றேன்.

“என்னது?” என்றான் நண்பன். பஸ் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. என் பாட்டை விட்டுக்கொடுக்கிறேன் என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஃபெஸ்ட் அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். “போறதுன்னா போய்த் தொலையேன்டி” என்றாள் அம்மா. ஸ்கூட்டர் சர்வீஸுக்கு விட்டிருந்ததால் குரோம்பேட்டையில் ரயில் ஏறினேன். வந்த முதல் வண்டியில் ஏறினேன். அது தாம்பரத்தோடு நின்றுவிட்டது. செங்கல்பட்டு வண்டிக்குப் பிளாட்பாரத்தில் இருபத்தைந்து நிமிஷம் நின்றேன். என் பாட்டே என்னைக் கிண்டல் செய்த மாதிரி இருந்தது.

நான் போய்ச் சேரும்போது வெயில் முழுக்க இறங்கவில்லை. வந்திருப்பதை அவர்களுக்குச் சொல்லாமல் கூட்டத்தின் நடுவில் போய் நின்றுகொண்டேன். அந்தப் பெண் குட்டையாக, தொளதொள டீ-ஷர்ட்டில் இருந்தாள். மேடையில் வீட்டுக்குள் நடப்பது மாதிரி நடந்தாள். முதல் இரண்டு பாட்டுக்கும் கையைக் கட்டிக்கொண்டு தப்பு தேடினேன். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. நன்றாகவே பாடினாள். அதுதான் எரிச்சல்.

மூன்றாவது, ரயில் பாட்டு. கிட்டார் தொடங்கியதுமே கூட்டம் கத்தியது. அத்தனை பேருக்கும் வரிகள் தெரிந்திருந்தன. என் சமையலறை ஜன்னலோரம் எழுதிய வரிகள். நானும் பாடினேன். முதலில் உதடு மட்டும்தான் அசைந்தது. இரண்டாவது வரியில் சத்தம் வந்தது. நாலு பக்கமும் ஸ்பீக்கர், ஆயிரம் தொண்டை. இங்கே என் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது என்கிற தைரியம். மூன்றாவது வரியில் தொண்டை இறுகவில்லை. மாம்பாக்கம் ரோட்டுக் குரல் அப்படியே வந்தது, ஹெல்மெட் இல்லாமல். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று பார்க்க நேரமில்லை, அடுத்த வரி வந்துவிட்டது.

யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு மாணவன்.

“அக்கா, கொஞ்சம் மெதுவாப் பாடுறீங்களா? அவங்க பாடுறது கேக்க மாட்டேங்குது.”

“சாரி தம்பி” என்றேன். நாலு வருஷப் பழக்கம். வாய் தானாக மூடிக்கொண்டது.

ஒரு வரி போனது. பொறுத்துக்கொண்டேன். அடுத்த வரியில் முடியவில்லை, மறுபடி திறந்தேன். அந்தப் பையன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே என்னைவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றான்.