கம்பெனி கேட்டில் கல்யாணி ராகம்

கேட்க வருகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் என் தொழில். அது எவ்வளவு பாடு என்று, கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களை வேனில் ஏற்றி இறக்கியவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்காரர்களை ஒரகடம் பக்கத்து ஊர்களின் இசையைக் கேட்கக் கூட்டிப் போகிறேன். "அங்க கார்தானே மேடம் செய்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே ஏறுவார்கள்.

டீ பிரேக் கச்சேரி

மணிமங்கலத்தில் எங்களுக்கு நாயனம் வாசிப்பவர் முருகேசன் அண்ணன். மற்ற நாளில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிறு வேன் ஊருக்குள் நுழையும்போதே அவரிடமிருந்து போன். "திடீர்னு ஓ.டி. போட்டுட்டாங்கம்மா. நாயனம் வண்டியிலதான் கீது. டீ பிரேக்குல கம்பெனி கேட்டாண்ட வந்துடுங்க."

போனோம். யூனிபார்மும் சேஃப்டி ஷூவுமாக டீக்கடை ஓரம் நின்று கல்யாணியைத் தொடங்கினார். டீ பிரேக் முடிந்தது, கல்யாணி முடியவில்லை. கேட்டுக்குள் தொழிலாளர்கள் கும்பலாக நின்றார்கள். விரட்ட வந்த செக்யூரிட்டியும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார். அப்போதுதான் சூப்பர்வைசர் வேகமாக வெளியே வந்தார், திருநெல்வேலிக்காரர். என்னால் ஒருத்தர் வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். அண்ணன் நாயனத்தை இறக்கினார்.

சூப்பர்வைசர் உள்ளே நின்ற கும்பலை ஒரு முறை பார்த்தார். "முடிச்சிட்டே வாங்க அண்ணாச்சி. பாதியில நிப்பாட்டுனா இவனுவ என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவானுவ."

வல்லக்கோட்டையில் ஒரு வாக்கு

இன்னொரு ஞாயிறு, ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அந்த அம்மாவிடம் எதைக் கேட்டாலும் அவரே பதில் சொல்வார். "அவளுக்குக் காபி ஆகாது." "அவளுக்கு ஜன்னல் சீட் ஒத்துக்காது." அம்மா சிரித்துக்கொண்டு சும்மா இருப்பார்.

வல்லக்கோட்டையில் எங்களுக்கு வாசிக்கும் பம்பைக்காரர் ஏழுமலை மேளத்தை அடிக்க ஆரம்பித்தார். தாளம் ஏற ஏற அந்த அம்மா ஆட ஆரம்பித்தார், கொண்டை அவிழ்ந்தது. சாமி வந்துவிட்டது! நேராகக் கணவர் முன்னால் போய் நின்று, "இனிமே இவ வாயால இவதான்டா பேசுவா!" என்று ஒரு அதட்டல். ஏழுமலைதான் பதறாமல் அடியை மெல்லத் தணித்து, திருநீறு பூசி, உட்கார வைத்தார். கண் விழித்த அம்மா, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் டீக்கடை. பழக்கதோஷத்தில் கணவரிடமே, "அம்மாவுக்கு என்ன சார் சொல்லட்டும்?" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அம்மாகிட்டயே கேட்டுடுங்களேன் மேடம்."

இறங்கி வாங்க

சேரப்பணஞ்சேரியில் ஒரு பேண்டு செட்டைக் கேட்பதாக ஏற்பாடு. தெருமுனைக்குப் போனபோதுதான் அங்கே சாவு என்று தெரிந்தது. எங்களுக்கு வாசிக்க வேண்டிய பேண்டு, சவ ஊர்வலத்தின் முன்னால் வாசித்துக்கொண்டு வந்தது. வேனைத் திருப்ப இடமில்லை. எல்லாரும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் தலை குனிந்தோம். இதைவிடக் கெட்ட நேரத்தில் யாரும் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றிருக்க முடியாது.

அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் ஜன்னல் பக்கம் வந்தாள். இறந்தவரின் மகள். "மன்னிச்சிடும்மா, தெரியாம வந்துட்டோம்" என்றேன்.

"பாட்டு கேக்க வர்றவங்கதானே? எங்கப்பாவும் இந்த செட்டுலதான் டிரம்பெட் ஊதிகினு இருந்தாரு. வேன்லயே இன்னாத்துக்கு குந்திகினு கீறீங்க? எறங்கி வாங்க."

இறங்கினோம். கல்லறைத் தோட்டம் வரை நடந்தோம். பெட்டியை இறக்கும்போது டிரம்பெட் மட்டும் தனியாக வாசித்தது. எங்கள் கூட்டத்தில் அழாதவர்கள் இல்லை, அவரை முன்பின் பார்த்திராதவர்கள்தான் எல்லாரும். மண் போட்டு முடிந்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பாவுக்குக் கூட்டம்னா உசுரு, அக்கா. நல்லாத்தான் கூட்டிகினு வந்த."

நான் போட்ட திட்டப்படி இதுவரை ஒரு பயணமும் நடந்ததில்லை. என்றைக்காவது நடந்துவிட்டால், அன்று வேனில் வருகிறவர்கள்தான் பாவம்.