ஒரே ஒரு கொட்டும் உடம்பெல்லாம் கொட்டும்

செஞ்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டியில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை பிடுங்கும் மாதங்களில் கதண்டுக் குளவி கொட்டிய கேஸ் தவறாமல் வரும். பனைமரத்தில் கூடு கட்டியிருக்கும். கீழே தொங்கும் காய்ந்த மட்டையை யாராவது இழுத்தால் போதும், மொத்தமும் இறங்கிவிடும்.

அப்படித்தான் ஒரு காலையில் வல்லம் பக்கத்திலிருந்து ஏழுமலையை ஷேர் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். தலையிலிருந்து இடுப்பு வரை சுண்ணாம்பு பூசி, வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தார். கொட்டின இடங்களை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். ஆனால் மனுஷன் தெளிவாகப் பேசினார், பிபியும் சரியாக இருந்தது. பின்னால் அவர் மனைவி அஞ்சலை நின்றிருந்தாள்.

“உன்னையும் கொட்டுச்சாம்மா?”

“கழுத்தாண்ட ஒண்ணே ஒண்ணு சிஸ்டர். போன வருஷங்கூட கொட்டுச்சு, தடிச்சு அடங்கிப்போச்சு. எனக்கு இன்னா, அவரப் பாருங்க.”

குரல் கம்மியிருந்தது. அழுததால் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உள்ளங்கைகளைச் சேலையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள், உதடு வேறு தடித்திருந்தது. நான் பல்ஸ் பிடிப்பதற்குள் அப்படியே சரிந்தாள்.

கட்டிலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தினேன். டாக்டர் ஓடிவந்து அட்ரினலின் என்றார். தொடையில் போட்டேன். கூட வந்தவர்களில் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

“இன்னா சிஸ்டர் இது? உடம்பெல்லாம் கொட்டு வாங்குனவன வுட்டுட்டு, ஒத்த கொட்டுக்கு ஊசி போடுறீங்க?”

“கொட்டு கணக்குப் பாத்து இங்க டோக்கன் குடுக்கிறதில்லைங்க. வெளிய நில்லுங்க.”

எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்தான். சிலருக்கு முன்னால் ஏறிய விஷத்தை உடம்பு ஞாபகம் வைத்திருக்கும். அடுத்த முறை துளி ஏறினாலும் தொண்டை வீங்கி, பிபி இறங்கிவிடும். அதுதான் அலர்ஜி. இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் அஞ்சலைக்கு பிபி ஏறியது. அதுவரை அவள் கட்டிலை விட்டு நான் நகரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலைக்கும் டிரிப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் காலையிலேயே யூரின் டெஸ்ட் எழுதியிருந்தார். கேட்கும்போதெல்லாம் ஏழுமலை, “வரல சிஸ்டர், அப்பாலிக்கா” என்று தட்டிக்கழித்தார். சாயங்காலம் அஞ்சலை எழுந்து கஞ்சி குடித்தாள். உடனே இவர் சட்டையைத் தேடினார்.

“அவதான் தேறிட்டாளே. மாடு கட்டுனது கட்டுனபடி நிக்குது, நாங்க கெளம்புறோம்.”

“யூரின் குடுக்காம ஒரு அடி நகரக்கூடாது.”

டப்பாவைத் துண்டில் மறைத்துக்கொண்டு வந்தார். வாங்கிப் பார்த்தால் கடுங்காப்பி நிறம்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“மத்தியானத்துலேர்ந்து. அவ எழுந்திருக்க முடியாம கெடக்கச்சொல்ல இத வேற சொல்லிக்கினு இருப்பேனா?”

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவருக்கு அலர்ஜி இல்லை. இது அத்தனை கொட்டும் சேர்ந்து இறக்கிய விஷம். ரத்தத்தையும் தசையையும் உடைத்து, அந்தக் கசடு கிட்னியை அடைக்கும். இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் உடனே எழுதிக் கொடுத்தார்.

ஆம்புலன்ஸ் வந்ததும் அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னப் பாக்கப்போயி அவர வுட்டுட்டமா சிஸ்டர்?”

“இல்லம்மா. உன்னுது நிமிஷக் கணக்கு. அவருது மணிக் கணக்கு. இப்பவும் நேரம் இருக்குது.”

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

பல டயாலிசிஸுக்குப் பிறகு அவர் பிழைத்துக்கொண்டார். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு கொட்டுதானே என்று யாரையும் ஓரமாக உட்கார வைக்காதீர்கள். நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசுகிறார் என்று வீட்டுக்கும் அனுப்பாதீர்கள்.

மறுபடி காட்ட வந்தபோது, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன். அஞ்சலை அவரை முறைத்தாள். மனுஷன் கால் எரிச்சலில் ஆரம்பித்து, முதுகுவலி, பசியின்மை, மலச்சிக்கல் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பின்னால் க்யூ வாசல் வரை நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.