விமானத்தில் ஏறாத ஏணி

எங்கள் வீட்டு நடையில் இருபதடி அலுமினிய ஏணி ஒன்று, சுவரில் அடித்த இரண்டு கொக்கிகளின்மேல் படுத்துக் கிடக்கிறது. மழைக்காலத்தில் அம்மா அதில் துணி உலர்த்துவாள். தெருவில் யார் வெள்ளையடித்தாலும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீரியல் விளக்கு கட்டினாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். ஆரணியில் எங்கள் குடும்பத்துக்கு ஏணிக்காரர் வீடு என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த ஏணியை வாங்க வைத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். நெசவாளர் வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் அங்கே அவருக்கு வேலை, கூரை ஓரமாக மழைத்தண்ணீர் ஓடுவதற்கென்று வைத்திருக்கிற தகர வாய்க்கால்களைப் பரிசோதித்துச் சுத்தம் செய்வது. கட்டர் என்று அதைச் சொல்வார். கட்டரில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிட்டால் வீட்டுக்காரருக்கு அபராதமாம். குப்பை அள்ளுவதற்கு முன்னால் கேமரா விட்டுப் பார்ப்பார்களாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது அம்மா தறியில் உட்கார்ந்தபடியே, "கூரைக்குக்கூட எக்ஸ்ரே எடுப்பாங்க போலக்குது" என்று சிரிப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அப்பா அவர். வந்த அன்றைக்கே அவர் போகிற நாளை எண்ணத் தொடங்கிவிடுவேன். அவருடைய நீலப் பை பரணுக்கு ஏறினால் நிம்மதி, இறங்கினால் அழுகை. மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் தினமும் வீட்டிலிருந்து அவர்களைத் திட்டுவதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அந்த முறை ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"இங்கயே இருந்துட்டா இன்னா?"

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

"மழ வந்தா நம்ம ஊர்ல பாதிப் பேருக்குத் தறிக்குழில தண்ணி எறங்குது. எல்லாம் மேல கட்டர் அடைச்சிகினு இருக்கறதாலதான். அந்த வேலய இங்க செய்ய ஆளே இல்ல. கம்பெனிக்கு மாசக் கடைசில பதில் சொல்லணும். அதுக்குள்ள நாலு வேல புடிச்சிட்டா நின்னுடலாம்."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா மூன்று சாமான்களை எழுதினார். ஏணி, கோல், ஊதுகிற மெஷின். மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நல்லதையும் கெட்டதையும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மெஷின் ஊதினால் புழுதியெல்லாம் வீட்டுக்குள் பறந்து, தறியில் நீட்டியிருக்கிற பாவு நூலின்மேல் படியும். பட்டுக்கு ஆகாது என்று அதை முதலிலேயே அடித்துவிட்டார். ஏணியைச் சாய்த்தால் நாட்டு ஓடு தாங்காது. அதுவும் நாலடி ஏறினால் ஏணியின் கால் ஓரடி தள்ளி நிற்க வேண்டும். நம்மூர்ச் சந்துகளில் அதற்கு இடம் ஏது? கோல்தான் சரி என்றார். ஒன்றுக்குள் ஒன்றாக நீளுகிற கோல், நுனியில் பிரஷ், பக்கத்தில் சின்னக் கேமரா. தரையில் நின்றபடியே கைப்பேசியில் பார்த்துக்கொண்டு வேலை செய்யலாம். "பாத்துட்டுத்தான் கை வைக்கணும். அதான் இந்தத் தொழிலு" என்று கோலுக்கு எதிரே பெரிய டிக் போட்டார்.

மறுநாள் வேலூருக்குப் பஸ் ஏறினோம். கடைக்காரர் அந்தக் கோலை எங்கள் கண்ணெதிரே விர்ரென்று நீட்டிக் காட்டினார். ஆஹா, எவ்வளவு உயரம்! பிறகு சரசரவென்று மடக்கி ஒரு பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

நீலப் பை. அப்பாவின் பையைப் போலவே தோளில் மாட்டுகிற வார் வைத்தது.

நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதைத் தூக்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போய்விடலாமே! பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்ற ஏணியைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தும் தலை தெரியவில்லை. இதை எந்த விமானத்தில் ஏற்ற முடியும்? இதை வாங்கிவிட்டால் அப்பா ஏணியை விட்டுவிட்டு எப்படிப் போவார்? ஒன்பது வயது மூளைக்கு இவ்வளவுதான் எட்டியது.

"அப்பா, ஏணிதாம்பா நல்லாருக்குது."

"இன்னாத்துக்கு கண்ணு? நீதான எழுதுன, சந்துல வைக்க முடியாதுன்னு?"

"கோலு ஆடும். ஏணி ஆடாது."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கடைக்காரர் பொறுமை இழந்து காதைக் குடைய ஆரம்பித்தார். கடைசியில் அப்பா, "சரி, ஏணியே குடுங்க" என்றார். நான் அங்கேயே குதித்தேன்.

ஏணி குட்டியானை வண்டியில், முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு, வாலில் சிவப்புத் துணி கட்டி ஊர் வந்து சேர்ந்தது. அம்மா வாசலில் நின்று அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, அந்தக் கோல வாங்கறேன்னுதான போனீங்க?"

"பாப்பாதான் ஏணி வேணும்னு சொன்னா" என்றார் அப்பா.

வாசலில் போர்டு மாட்டினோம். 'கட்டர் கிளீனிங். பரிசோதனையும் செய்யப்படும்.' மூன்றாம் நாள் முதல் ஆள் வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு பொருள். பிரித்தால், தறியில் இழை நறுக்குகிற கட்டர்!

"கொஞ்சம் ஜல்தியா சாணை புடிச்சிக் குடுங்க. தறி நின்னுகினு இருக்குது."

அப்பா போர்டைப் பார்த்தார், கட்டரைப் பார்த்தார். அவர் நினைத்த கட்டருக்கும் இந்தக் கட்டருக்கும் தமிழில் ஒரே எழுத்துதானே, என்ன செய்வது? பட்டு ஊரில் கட்டர் என்றால் இதுதான். அப்பா அதை அம்மியின் முதுகில் தேய்த்துக் கொடுத்தார். அந்த வாரத்தில் மட்டும் ஐந்து கட்டர்கள், இரண்டு கத்தரிக்கோல், ஒரு அரிவாள்மணை. ஒருத்தர் மட்டும் கக்கூஸ் குழாய் அடைத்துக்கொண்டது என்று வந்தார். என் மாமா, அம்மாவின் அண்ணன், திண்டிவனத்திலிருந்து வந்தவர், போர்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா மாப்ள, சிங்கப்பூரு போயி சாணை புடிக்கத்தான் கத்துகினு வந்தியா?"

அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். மாதம் பாதி முடிந்திருந்தது.

உண்மையான வேலை ஒன்றே ஒன்று வந்தது. நாலு வீடு தள்ளி ஒரு நெசவாளர். தறியில் வெம்பாக்கத்துப் பெண் ஒருத்திக்கு முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்கே தறிக்குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றதாம். அடுத்த மழைக்குள் சரிசெய்ய வேண்டும். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கூட விடுமுறை. நானும் ஓடினேன்.

அவர் வீட்டுக்குப் பக்கவாட்டுச் சந்து மொத்தமே இரண்டடி. ஏணி நட்டக்குத்தலாகத்தான் நின்றது. அப்பா அதை அசைத்துப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். ஒருகணம் எடுத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நான் கீழே நின்று, "ஏறுப்பா! ஆடாதுப்பா!" என்று கத்தினேன். அவர் ஏறினார்.

மேலே போய்க் கையை விட்டு ஒரு கொத்து குப்பையை எடுத்துக் காட்டினார். அணில் கூடு. வேப்பஞ்சருகோடு தெருவெல்லாம் கிடக்கிற பட்டு இழைகளையும் பொறுக்கி வைத்துக் கட்டியிருந்தது. ஊதா, மாம்பழ மஞ்சள், நடுநடுவே ஜரிகை. "பாப்பா, அணிலு கூட நம்ம ஊருல பட்டுதான் கட்டுது" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். ஏணி ஒரு பக்கமாக நழுவியது. அது சாய்ந்திருந்த ஓட்டு வரிசை சடசடவென்று உடைந்து விழுந்தது. அப்பா ஓட்டுக்கு அடியில் இருந்த கைமரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஐயோ, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முழங்கை சிராய்த்ததோடு தப்பினார். புது ஓடு மறுநாள் வருவதாக இருந்தது. மழை அன்று சாயங்காலமே வந்துவிட்டது. ஓட்டையில் தார்ப்பாய் போட்டும் உள்ளே ஒழுகி, பாவில் ஒரு முழத்துக்குச் சாயம் கலங்கிப்போனது. அந்த நெசவாளர் நல்ல மனிதர். "வுடுங்க, உயிரு போவல இல்ல" என்றார். ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு ஒருவரும் கூரைக்காகக் கூப்பிடவில்லை. ஏணியைத்தான் இரவல் கேட்டு வந்தார்கள்.

மாதக் கடைசியில் நீலப் பை பரணிலிருந்து இறங்கியது. நான் அழுதேன்தான், ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. ஏணி இங்கே இருக்கிறதே, அவர் எப்படியும் திரும்பி வந்தாக வேண்டும் என்று நம்பினேன். கொக்கியில் படுத்திருந்த ஏணியைத் தொட்டுக்கொண்டே அவர் போவதைப் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார், போகிறார். நான் இப்போதும் அவர் வந்த அன்றைக்கே போகிற நாளை எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

வளர்ந்த பிறகு ஒரு கேள்வி என்னைப் படுத்தியது. தொழில் தெரிந்த மனிதர். மூன்றின் நல்லதையும் கெட்டதையும் அவரே சொல்லி எழுத வைத்தவர். தப்பு என்று தெரிந்தே ஒன்பது வயதுப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு ஏன் அந்த ஏணியை வாங்கினார்? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கோலை வாங்கியிருப்பார், வேலை நடந்திருக்கும், ஊரிலேயே இருந்திருப்பார். என் ஆசையே அவரை அனுப்பிவிட்டது என்று நினைத்து நினைத்துக் குமுறியிருக்கிறேன்.

போன மாதம் வீடியோ அழைப்பில் அம்மாவுக்குப் பின்னால் ஏணியைப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்குதா அது?" என்று சிரித்தார். என்னால் அடக்க முடியவில்லை. உண்மையைக் கொட்டிவிட்டேன்.

"அப்பா, கோலு ஆடும்னு பொய் சொன்னேம்பா. ஏணின்னா ஃபிளைட்ல எடுத்துனு போவ முடியாது, நீ இங்கயே இருப்பன்னுதான் சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தெரியும் கண்ணு. கடையில ஏணி நல்லாருக்குதுன்னு சொல்றப்போ நீ ஏணிய எங்க பாத்த? அந்தப் பையத்தான பாத்துகினு இருந்த. எனக்கும் அந்தப் பையப் பாக்கப் புடிக்கல."