மழையில் பொரி தூவி வழி கேட்டவர்

காலை டிபன் கூட்டம் ஓய்ந்து, அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜீப் டிரைவர் ராஜேந்திரன் போன் செய்தார். "விஜயாக்கா, மேடம் போயிட்டாங்க" என்றார். "அடப் பாவமே, எந்த ஊருக்கு டிரான்ஸ்பர் போட்டாங்க?" என்று கேட்டேன். அவர் மூக்கை உறிஞ்சியதும்தான் எனக்கு விளங்கியது. கையில் இருந்த அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீர்வளத் துறையில் எங்கள் பக்கத்து ஏரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த உதவிப் பொறியாளர் திலகவதி மேடத்தைத்தான் சொல்கிறேன். உடன் வேலை பார்த்தவர்கள் அவரைப் பற்றிப் பெரிய விஷயங்கள் எழுதுவார்கள். ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்களுக்கு மெஸ் நடத்துகிறவள் நான். அவர் என் கடையில் சாப்பிட்டார், நான் அவரைக் கிண்டல் செய்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் தெரு ஏரிக்குக் கீழே இருக்கிறது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறக் கல்லில் கட்டிய கலங்கல் ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு கால்வாய் கிளம்பி, பிள்ளைப்பாக்கம் பக்கத்துக் கீழ் ஏரிக்குப் போனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் காலத்தில் அந்தக் கால்வாயைக் காணோம். வழிந்த தண்ணீர் நேராக எங்கள் வீடுகளுக்குத்தான் விருந்தாட வரும். ஒரு மழைக்காலத்தில் முழங்காலுக்கு மேல் ஏறியது. அதன்பிறகு, கலங்கலை உடைத்துத் தாழ்த்திவிட்டால் ஏரியே நிரம்பாது என்று தெரு முடிவு செய்தது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நான்தான்.

அதை விசாரிக்க வந்தவர்தான் மேடம். வந்தவர் நேராக மெஸ்ஸில் உட்கார்ந்து இட்லி கேட்டார்.

"ரெண்டே அடி உடைங்க மேடம். வூட்டுல தண்ணி பூந்துடாம நிம்மதியா இருப்போம்" என்றேன்.

"உடைச்சா ஏரி குட்டை ஆயிடும். கோடையில உங்க போர்ல காத்துதான் வரும். எதை வச்சு சாம்பார் வைப்பீங்க?"

"லாரித் தண்ணி வாங்கிக்கினு போறேன்."

"லாரிக்காரர் எங்கேருந்து எடுத்துட்டு வருவார்?"

நான் இட்லிப் பாத்திரத்தைத் திறந்தேன். "இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு தெருக்காரர்களைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒரு மழை மட்டும் குடுங்க. தண்ணிக்கு எங்க போக ஆசைன்னு பாத்துட்டு வந்து சொல்றேன். வேற வழியே இல்லைன்னா நானே பொக்லைன் கொண்டாந்து உடைக்கிறேன்."

அடுத்த மழையில், எல்லோரும் கூரைக்குக் கீழே ஒதுங்கிய நேரத்தில், மேடத்தின் ஜீப் வந்து நின்றது. "அக்கா, பொரி கிடைக்குமா?" என்றார். "கடலையும் கலந்து தரட்டா, மழைக்கு நல்லா இருக்கும்" என்றேன். அவர் பையோடு வாங்கிக்கொண்டு கலங்கலுக்குப் போய், வழியும் தண்ணீரில் பொரியைக் கைநிறைய அள்ளித் தூவினார். பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு சரோஜா, பரிகாரம் செய்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்த் தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்துவிட்டாள். கொட்டும் மழையில் குடை பிடித்துக் கற்பூரம் ஏற்றினார்கள். மேடமும் மறுப்புச் சொல்லாமல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி கும்பிட்டாச்சு. இப்ப எல்லாரும் பொரி பின்னாடி வாங்க" என்றார்.

அதற்குத்தான் பொரி. தண்ணீர் போகும் போக்கை அது வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். "காகிதம் போட்டா குப்பை, பொரி போட்டா மீன் தின்னுடும்" என்பார். ஊர்வலம் மாதிரி நடந்தோம். பாதிப் பொரி எங்கள் தெருவுக்கு வந்தது. மீதி, லாரிகள் நிறுத்தும் ஒரு யார்டின் மதில் ஓரமாகப் போய், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நின்றது. என் மெஸ்ஸில் சாப்பிடும் தூத்துக்குடிக்காரர் முத்துப்பாண்டி, நைட் ஷிப்ட் முடித்துவந்த யூனிபார்மோடு அங்கே காலை விட்டுப் பார்த்தார். "மேடம், இங்கன தண்ணி உள்ளுக்க இழுக்கு பாத்துக்கிடுங்க" என்றார். மேடத்தின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய அந்த யார்டுக்கு அடியில்தான் பழைய கால்வாய் கிடந்தது.

"இங்க கால்வாய் எங்க கீது? தார் ரோடு மாதிரி கெட்டித் தரை" என்று யார்டு முதலாளி மல்லுக்கு நின்றார். சர்வேயர் அளந்து கல் நட்டபிறகும் அவர் இறங்கி வரவில்லை. மேடம் சண்டை போடவில்லை. இன்னொரு மழையில் அவரையே வரவழைத்துக் காட்டினார். "உங்க லாரி டயரும் பாதித் தண்ணியிலதானே நிக்குது? வழியை விட்டுடுங்க, மொதல்ல காயறது உங்க யார்டாத்தான் இருக்கும்" என்றார். முதலாளி தன் லாரிகளை ஒருமுறை பார்த்தார், மேடத்தை ஒருமுறை பார்த்தார். மதிலைத் தள்ளிக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார்.

அரசாங்க வேலை, உடனே நடக்குமா? நடுவில் மேடம் கொஞ்ச காலம் வரவேயில்லை. திரும்பி வந்தபோது உடம்பு பாதியாகி, முடி கொட்டிய தலையில் துப்பட்டாவை இறுக்கிச் சுற்றியிருந்தார். என்ன வியாதி என்று பார்த்ததுமே தெரிந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம திருப்பதி போய்ட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னையே பார்த்தார். "ஆமாக்கா. லட்டுதான் குடுக்கல" என்றார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எல்லாரும் தன்னிடம் மெதுவாகப் பேசுவதுதான் தாங்க முடியவில்லை என்று பிறகு சொன்னார். அன்றிலிருந்து நான் கிண்டலைக் குறைக்கவில்லை.

கால்வாய் வெட்டி முடித்த அன்று கான்டிராக்டரின் மேஸ்திரி பெருமையாக நின்றுகொண்டிருந்தார். தோண்டிய மண்ணை இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் மாதிரி ஏற்றி, தட்டி, கோடு பிடித்த மாதிரி கரை போட்டிருந்தார்.

"கரை எப்படி கீது மேடம்?"

"ரொம்ப அழகா இருக்கு மேஸ்திரி. தெருத் தண்ணி எப்படி உள்ள இறங்கும், ஏணி வச்சா?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். கலங்கல் தண்ணீரை மட்டுமே நினைத்திருக்கிறார். தெருவிலும் வயலிலும் விழுகிற மழை கரைக்கு வெளியே குளமாக நின்றிருக்கும். மேடம் ஒரு நாற்காலியை வாங்கிப் போட்டுக்கொண்டு, நிற்கத் தெம்பில்லாததால் உட்கார்ந்தபடியே, எங்கெங்கே கரையைத் திறந்துவிட வேண்டும் என்று கை காட்டினார். "கால்வாய்க்கு வழி நெடுக வாய் வேணும்" என்றார். வேலை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நான் கொண்டுபோன ரசத்தை மட்டும் குடித்தார்.

அந்த வருடம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. எங்கள் பக்கத்தில் 'ஏரி கோடி போகுது' என்போம். மேளம் வைத்து, பூ தூவி, பொங்கல் வைத்தோம். தண்ணீர் எங்கள் தெருமுனையை எட்டிக்கூடப் பார்க்காமல் கால்வாயோடு போனது. கீழ் ஏரிக்காரர்கள் கால்வாயைத் தாண்டும் சிறுபாலத்தின் மேல் கூடி நின்று, வருகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மேடத்துக்கு மாலை போடப் போனார்கள். "அதை மேஸ்திரிக்குப் போடுங்க" என்று ஒதுங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். "இதோட முடியலக்கா. வருஷா வருஷம் தூர் வாரலைன்னா மறுபடி மண்ணு மூடிக்கும். என்னை நம்பாதீங்க, நீங்களே கேளுங்க" என்றார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது அப்போது உறைக்கவில்லை.

அவர் போன பிறகு வந்த முதல் பெருமழை போன வாரம் பெய்தது. மழை இருட்டினால் அரிசி மூட்டைகளைப் பரண்மேல் ஏற்றுவது என் வழக்கம். மெஸ் ஆட்கள் தூக்க வந்தார்கள். "தரையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். ஆனால் சும்மா உட்காரவில்லை. மழைக்கு முன்பே மேடத்தின் இடத்துக்கு வந்த புது ஏ.இ.க்குப் போன் போட்டு, சிறுபாலத்தில் அடைத்திருந்த கோரைப்புல்லை ஆள் வைத்து எடுக்கச் செய்திருந்தேன். தினமும் போன் செய்தால் எந்த மனிதனுக்கும் வேலை செய்யத் தோன்றும்.

மழை விட்டதும் புது ஏ.இ. ஜீப்பில் வந்து இறங்கினார். "அக்கா, தெருவுல தண்ணி வந்துச்சா?" என்றார். நல்ல பிள்ளை, கொஞ்சம் பயந்த சுபாவம். "வரலை சார். அடுத்த தடவை மழை பெய்யறப்பவே வாங்க, பொரி போட்டுத் தண்ணி போற வழியைக் காட்டறேன்" என்றேன்.

திலகவதி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த நச்சரிப்பைத்தான். விடுவதாக இல்லை.