செவலைக் கோழியும் அப்பாவின் பெட்டியும்

எனக்குக் கல்யாணமான வருஷம், தலை ஆடிக்கு நானும் என் வீட்டுக்காரரும் முசிறியிலிருந்து பொன்மலைக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். புது மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்காமல் விருந்து கிடையாது. எந்தக் கோழி என்பதையும் அம்மா முன்பே முடிவு செய்துவைத்திருந்தாள்: செவலை.

செவலை, நான் தாவணி போட்ட வருஷம் வீட்டுக்கு வந்த நாட்டுக்கோழி. நாட்டுக்கோழி ஒரேயடியாக முட்டையை அள்ளிக் கொடுக்காது. வயதாகிவிட்டதென்று நிறுத்தவும் நிறுத்தாது. ஆனால் என் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு ஊரெல்லாம் வெள்ளை லெகார்ன் கோழி மோகம். அம்மாவும் வாங்கினாள். தினம் தினம் அவை முட்டையிட்டுத் தள்ள, அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் கோழிகளைத் திறந்துவிடுமுன் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, முட்டை இருப்பதை மட்டும் வெளியே விடாமல் கூடையால் கவிழ்ப்பது அவள் வழக்கம். செவலையைத் தடவுவதையே விட்டுவிட்டாள். இரண்டு வருஷத்தில் வெள்ளைக்கோழிகளே ஓய ஆரம்பித்துவிட்டன. அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

“அதுக்கு வயசாயிடுச்சு. முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா தின்னுக்கிட்டு உக்காந்திருக்கு” என்றாள்.

அப்பா பக்கத்திலேயே ஈஸிசேரில் இருந்தார். ரயில் பட்டறையில் ரிட்டயரான நாளிலிருந்து அவருக்கு அந்த நாற்காலிதான் உலகம். கருவிப் பெட்டியைக் கொல்லைக் கொட்டகையில் போட்டவர், அந்தப் பக்கமே போகவில்லை. அம்மா கோழியைத்தான் சொன்னாள். இருந்தாலும் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாத்துப் பேசும்மா.”

“ஏன், கோழியக்கூடச் சொல்லக் கூடாதா? ஏங்க, கத்தி மழுங்கிக் கிடக்கு. தீட்டிக் குடுங்க.”

தீட்டுகிற அரம் பெட்டியில் இருந்தது. அப்பா வேண்டாவெறுப்பாக எழுந்து போனார். போனவரைக் காணோமே என்று நான் பின்னால் போனேன். கீல் உடைந்து மூடி பாதி திறந்து கிடந்த பெட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே, சுத்தியலுக்குப் பக்கத்தில், அவருடைய பழைய காக்கிச் சட்டையின் மேல், செவலையின் இறகுகளுக்கு நடுவே முட்டைகள். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். சூடாக இருந்தது.

“இன்னும் முட்டை வுடுதும்மா” என்றார். அந்தக் குரலில் சந்தோஷத்தைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

விருந்துக்கு ஒரு வெள்ளைக்கோழி போயிற்று. என் வீட்டுக்காரருக்கு இந்தக் கலவரம் எதுவும் தெரியாது. குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பெட்டி செவலைக்கென்றே ஆகிவிட்டது. அதற்காகக் கருவிகளை வெளியே எடுத்த அப்பா, துருவைத் தேய்த்து ஜன்னலோரம் அடுக்கினார். கண்ணில் பட்டால் அக்கம்பக்கத்தார் விடுவார்களா? ஒருத்தர் அரிவாள்மணையோடு வந்தார், இன்னொருத்தர் ஸ்டவ்வோடு. தலை தீபாவளிக்கு நாங்கள் போனபோது வாசலில் யாருடைய சைக்கிளோ தலைகீழாக நின்றது.

மறுநாள் விடிந்ததும் அம்மா செவலையைத் தடவிப் பார்த்துப் பெட்டியில் விட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் போர்வையை இழுத்தாள்.

“அதுக்கு முட்டை இருக்கு. உங்களுக்கு வேலை இருக்கு. எந்திரிங்க.”