காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன்

நான் புலம்பெயர்ந்து வந்து, புருசெத் என்னும் இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பேருந்தில் நடந்த அடிதடி ஒன்றை நேரில் கண்டதால், சாட்சி சொல்ல வரும்படி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. கோர்ட் என்றாலே நான்தான் ஏதோ குற்றம் செய்தேன் என்று வேலையிடத்தில் நினைப்பார்களோ என்ற பயம். அன்று காலை, காய்ச்சல் என்று வேலைக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

சாட்சிகள் காத்திருக்கும் அறையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்புவதும் உட்காருவதுமாக இருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் பொறுப்பாளர் தர்சினி; இங்கேயே பிறந்து வளர்ந்த, என் மகள் வயதுப் பிள்ளை.

“அன்ரி, காய்ச்சல் எப்பிடி?”

நான் வாய் திறக்குமுன், ஒலிபெருக்கி என் பெயரைச் சொல்லிச் சாட்சியை உள்ளே அழைத்தது.

“கோர்ட்டிலையா நிக்கிறியள்?”

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“ஓம் பிள்ளை. பொய் சொல்லிப்போட்டன். சாட்சி சொல்ல வந்தனான்.”

“சாட்சிக்குக் கூப்பிட்டால் நாங்கள் லீவு தரத்தானே வேணும், அன்ரி! காய்ச்சலுக்குப் போட்ட வருத்த லீவைச் சாட்சி லீவா மாத்திவிடுறன். நாளைக்குக் கடிதத்தைக் கொண்டு வாங்கோ. இப்ப உள்ளுக்குப் போங்கோ.”

உண்மையே பேசுவேன் என்று நீதிபதி முன் உறுதி சொன்னபோது என் முகம் சுட்டது.

இப்போதெல்லாம் எந்த அலுவலகக் கடிதம் வந்தாலும் அன்றே அதைத் தர்சினியிடம் காட்டி, காரணத்தைச் சொல்லியே விடுப்புக் கேட்கிறேன்.