மாடியில் ஒரு பிரெஞ்சுக்காரி

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். கிரிவலப் பாதை பக்கத்திலேயே இருந்ததால் ஆளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்காரர்கள் வந்தால் தெருவில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு தடவை வாடகைக்கு வந்த பெண் கறுப்பாக இருந்தாள். தெருவே துருவிப் பார்த்தது, நானும்தான்.

ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் என்றாள். ஆனால் தெருமுனை டெலிபோன் பூத்தில் சிநேகிதிகளோடு பிரெஞ்சு, அம்மாவோடு வேறென்னமோ. ஒருத்திக்கு எதற்கு இத்தனை பாஷை? பொய் பாஸ்போர்ட்டாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. என் கணவர் ஒரே பிடியாக நின்றார்.

"எதுக்கு வம்பு? இன்னிக்கே காலி பண்ணச் சொல்லு. இல்லன்னா வேங்கிக்கால் போலீஸ் ஆபீஸ்ல போய் சொல்லிடறேன்."

மாடிக்குப் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நேராகவே கேட்டேன். உங்கள் ஊருக்கு பிரெஞ்சு எப்படி வந்தது? அவள் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்களாம். நாட்டில் ஏகப்பட்ட பாஷை. ஒன்றை அரசு மொழியாக்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பிரெஞ்சு படித்தவர்கள். அதையே வைத்துக்கொண்டார்கள். அம்மாவோடு பேசும் வீட்டுப் பாஷையை எழுத அவளுக்குத் தெரியாதாம்.

பள்ளியில் அதைப் பேசினால் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டுவார்களாம். அதைக் கழற்ற ஒரே வழி, இன்னொரு பிள்ளை பேசும்போது பிடித்துக்கொடுப்பது. பெஞ்சில் பக்கத்தில் இருப்பவளைக்கூட நம்பமாட்டோம் என்றாள்.

நன்றாகக் கதை விடுகிறாள் என்றுதான் கீழே இறங்கினேன். ராத்திரி சாப்பாட்டில் அதைக் கணவரிடம் சொன்னபோது, மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சோற்றைப் பிசைந்தபடி தலையை நிமிர்த்தினாள்.

"எங்க ஸ்கூல்லயும் இருக்கும்மா. தமிழ் பேசினா அட்டை மாட்டுவாங்க. எனக்கு மாட்டினதை இன்னிக்குக் கழட்டிட்டேன்."

அந்த இங்கிலீஷ் பள்ளியில் இடம் வாங்க என் கணவர் யார் யாரிடமோ கெஞ்சியிருந்தார். அவர் கை தட்டிலேயே நின்றது.

யாரைப் பிடித்துக்கொடுத்தாய் என்று கேட்டேன். எதிர்வீட்டுப் பெண்ணை என்றாள். தினமும் நொண்டி ஆட வருகிறவள் அன்று சாயங்காலம் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

கணவர் கை கழுவிவிட்டு வந்து, "மேல அவங்க இருக்கட்டும்" என்றார்.

நாளைக்கு நானே பள்ளிக்கு வந்து கேட்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"வந்தா அங்க தமிழ்ல பேசிடாதம்மா."